பாறை ஏன் உருளைக்கிழங்கு மாதிரி வருகிறது?

(போர்டு எழுதும் வேலையில் இருந்து, ஃப்ளெக்ஸ் வந்தபின் கேம்களுக்குப் படம் வரையப் போனவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணே, மொபைல் கேமுக்காக பிக்சல் ஆர்ட் (சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளாக நிறம் வைத்து வரையும் படம்) பழகுகிறேன். 32-க்கு 32 கட்டத்தில் பாறை வரைந்தால் உருளைக்கிழங்கு மாதிரி வருகிறது. நாலு பேரிடம் காட்டினேன், நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள்.
— கல்லூரி மாணவி, மேலூர்

படத்தைப் பார்த்தேன்மா. நாலு பேரும் பொய் சொல்லவில்லை. ஓரமெல்லாம் கறுப்பு, உள்ளே வரவர வெளுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. இப்படி வெளிச்சம் விழ வேண்டுமென்றால் சூரியன் உங்கள் நெற்றியில்தான் இருக்க வேண்டும். இதற்கு ‘பில்லோ ஷேடிங்’ என்றே பேர். தலையணை மாதிரி உப்பி நிற்கும்.

பஸ்ஸில் மதுரை வரும்போது ஒத்தக்கடையில் யானைமலையைப் பாருங்கள். அதுவும் உருண்டைதான், ஆனால் யாரும் கிழங்கு என்று சொல்வதில்லை. காலையில் ரோட்டுப் பக்கம் பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது அதே பக்கம் மங்கிக் கிடக்கும். வெளிச்சம் ஒரு பக்கம்தான். மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து மேலிருந்து கீழே கறுப்புத் தாரைகள் இறங்கியிருக்கும். உங்கள் பாறையில் ஒரு பிக்சல் அகலத்தில் அப்படி இரண்டு தாரை விட்டுப் பாருங்கள், கிழங்கு கல்லாகிவிடும்.

உங்கள் ஊர்ப்பக்கம் குவாரியில் வெட்டிப் போட்ட கல்லுக்கு இது ஒத்துவராது. அதற்கு முகங்கள் உண்டு. மேல்முகம் வெளிர், இடதுமுகம் நடுத்தரம், வலதுமுகம் இருட்டு. மூன்றும் சேரும் இடத்தில் குழைக்காதீர்கள், வெட்டென்று நிற்கட்டும்.

நிறம் நாலு போதும். நிழலுக்குச் சாம்பலில் கறுப்பைக் கலக்காமல் கொஞ்சம் நீல ஊதாப் பக்கம் தள்ளுங்கள், வெளிச்சத்தை மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். சொரசொரப்பு வேண்டுமென்று ஒற்றைப் பிக்சலாகத் தூவாதீர்கள், எள்ளைக் கொட்டின மாதிரி ஆகிவிடும். மூன்று நான்கு பிக்சல் சேர்ந்த திட்டாக வையுங்கள். அடியில் நாலு புல்லைக் கல்லின் மேல் ஏறுகிற மாதிரி போட்டால் கல் தரையில் உட்காரும், இல்லையென்றால் மிதக்கும்.

நான் பட்ட அவமானம் ஒன்று. முதன்முதலில் ஒரு கேமுக்குப் பாறைத் தரை வரைந்து கொடுத்தேன். ஒரு சதுரத்தை வரைந்தால் அதையே திரை முழுக்க அடுக்குவார்கள். அழகுக்கு ஒரு மூலையில் வெள்ளைக் கீறல் வைத்திருந்தேன். அடுக்கிப் பார்த்தால் மொத்தத் திரையும் லுங்கி டிசைன்! ஒற்றைச் சதுரத்தில் கண்ணை இழுக்கிற எதையும் வைக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எந்த மரம் வரைந்தாலும் குச்சியில் செருகிய பச்சைப் பந்தாகவே இருக்கிறது. இலைகளை இன்னும் நுணுக்கமாகப் போட வேண்டுமா?
— வாசகர், உசிலம்பட்டி

போடவே கூடாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு புளியமரத்தைப் பாருங்கள். இலை தெரியாது, நாலைந்து கொத்துதான் தெரியும். ஒவ்வொரு கொத்துக்கும் மேலே வெளிச்சம், கீழே நிழல். கொத்துகளுக்கு நடுவில் கிளை எட்டிப்பார்க்க இரண்டு மூன்று ஓட்டை. விளிம்பில் மட்டும் இலை மாதிரி சில பிக்சல் துருத்தட்டும், மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

என்ன மரம் என்பதை உருவம்தான் சொல்ல வேண்டும். முதலில் ஒரே நிறத்தில் நிழலுருவாக அடைத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். பேர் சொல்லிவிட்டால்தான் அடுத்த நிறம். புளி என்றால் கனத்த குடை, குட்டையான கருத்த அடிமரம். வேம்பில் ஆகாயம் அதிகம் தெரியும். தென்னை ஓலை வளைந்து தொங்கும், பனை விறைப்பாக நாலா பக்கமும் குத்தும். பனந்தலைக்கு அடியில் காய்ந்த காவோலை நாலு பிக்சல் பழுப்பில் தொங்கவிட்டால் எங்கள் பக்கத்தார் யாரும் தென்னை என்று சொல்லமாட்டார்கள்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது?
— வாசகர், திருமங்கலம்

பிஸ்கெல் இலவசம், பிரவுசரிலேயே வரையலாம். ஏஸ்ப்ரைட்டுக்குக் காசு உண்டு, கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லை. எதில் வரைந்தாலும் பிஎன்ஜியாகச் சேமியுங்கள், ஜேபெக் கட்டங்களைக் கலங்கடித்துவிடும். பெரிதாக்கினால் 200, 400 சதவீதம் என்று முழு மடங்கில் ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக வேண்டாம். எனக்கு வரும் படங்களில் பாதி பனிமூட்டத்தில் எடுத்தது போல இருக்கிறது.

வயது 58. புள்ளிக் கோலமும் கிராஸ் ஸ்டிச்சும் தெரியும். பேத்தி இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள். வருமா தம்பி?
— வாசகி, பசுமலை

கிராஸ் ஸ்டிச் தெரியுமென்றால் பாதி வந்துவிட்டதுக்கா. கட்டத்தை எண்ணி நிறம் நிரப்புவது இரண்டிலும் ஒன்றுதான். போர்டு எழுதின காலத்தில் நாங்களும் சுவரில் நூல் அடித்து, கட்டம் போட்டுத்தான் படத்தைப் பெரிதாக்குவோம். கோலமும் இதே வித்தைதான் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து ஓடுகிறது, இங்கே புள்ளியேதான் படம்.

வாசலில் முருங்கை நிற்கிறது, அதைத்தான் முதலில் வரையப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். கொத்தாகவும் நிற்காது, இலையும் பொடி. நானே இன்னும் ஒழுங்காக ஒன்று வரைந்ததில்லை.