நாலு கட்டில் போட்ட அறை

கேள்வி: பிரபலங்கள் பலர் பேட்டிகளில், 'குடிக்கு அடிமையாக இருந்தேன், மீண்டு வந்தேன்' என்கிறார்கள். எல்லாம் விளம்பரத்துக்குத்தானே? இதைக் கேட்டு யாராவது திருந்தியிருக்கிறார்களா? (வாசகர், விருதுநகர்)

பதில்: எது விளம்பரம் என்பதை முதலில் பேசிவிடுவோம். டிவியில் மது விளம்பரம் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் சோடா என்றும் மியூசிக் சிடி என்றும் சொல்லிக்கொண்டு, அதே மது பிராண்டின் பெயரைக் காட்டிச் சிரிக்கிறார்களே நட்சத்திரங்கள், அது விளம்பரம். எத்தனை முறை எழுதினாலும் இந்த ஆத்திரம் எனக்கு அடங்குவதில்லை. தான் குடித்துச் சீரழிந்ததை ஊரறியச் சொல்கிறவரைத் தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சரி, யாராவது திருந்தினார்களா? பெட்டி ஃபோர்டைப் பாருங்கள். அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டின் மனைவி. 1974-ல், கணவர் பதவியேற்ற சில வாரங்களிலேயே மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த நோயின் பெயரைச் சொல்லவே பெண்கள் கூசிய காலம். அவர் மறைக்கவில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பரிசோதனைக்குப் போனார்கள். துணை ஜனாதிபதியாக அறிவிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவி தனக்கும் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

அவ்வளவு துணிச்சல்காரருக்கே குடியைப் பற்றி வாய் திறப்பது லேசாக இல்லை. 1978 ஏப்ரலில் கணவரும் பிள்ளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, மாத்திரையும் மதுவும் அவரை என்ன பாடுபடுத்துகின்றன என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கோபப்பட்டார், அழுதார், கடைசியில் சிகிச்சைக்குச் சம்மதித்தார். லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது நாலு கட்டில் போட்ட அறை. தனி அறை கேட்டார். 'அப்படியானால் உள்ளே இருக்கும் பெண்களை வெளியேற்ற வேண்டியதுதான்' என்றார் டாக்டர். வேண்டாம் என்று அவர்களோடேயே தங்கினார்.

முதலில் மாத்திரையை மட்டும்தான் ஒப்புக்கொண்டார். மாத்திரை டாக்டர் எழுதிக்கொடுத்தது, அதில் மானக்கேடு இல்லை. குடியைச் சொன்னால் கணவருக்குத் தலைகுனிவு என்றார். கணவருக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், அவரையே கேட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். எனக்கு ஒரு தலைகுனிவும் இல்லை என்று கணவர் சொன்ன பிறகு, குடியையும் ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டார். 1982-ல் கலிபோர்னியாவில் அவர் பெயரில் சிகிச்சை மையம் திறந்தது. அடுத்த ஆண்டே எலிசபெத் டெய்லர் அங்கே சேர்ந்தார், அதைச் சொல்லவும் செய்தார்.

'மீண்டேன்' என்று மட்டும் சொன்னால் கேட்பவர் கைதட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கே போனேன், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், போன இடத்தில் என்ன பொய் சொன்னேன் என்பதையும் சொன்னால்தான், கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிற ஒரு பெண்ணுக்கு 'நாமும் போகலாம் போலிருக்கிறதே' என்று தோன்றும். நம் பத்திரிகைகளோ, குடித்தே செத்தவரை 'உடல்நலக் குறைவால் காலமானார்' என்று எழுதுகின்றன. ஒரு நடிகை தள்ளாடினால் மட்டும் கிசுகிசு பத்தியில் அரைப் பக்கம். சக பத்திரிகையாளர்களோடு எனக்கு இதில் தீராத சண்டை.

சொல்லத் துணிந்தவர் நம் ஊரிலும் உண்டு. டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். கணவர் குடிநோயால் இறந்தார். வசதியான குடும்பம், மூடி மறைத்திருக்கலாம். சாந்தி அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்றார், 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே போதை மீட்பு நிறுவனம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எந்த நட்சத்திரப் பேட்டிக்கும் இது குறைந்ததில்லை.

சேனல்காரர்களுக்கு ஒன்று. அடுத்த முறை யாராவது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து 'நான் குடிகாரனாக இருந்தேன்' என்று சொல்லும்போது சோக இசை போட வேண்டாம். போதை மீட்புக்கான இலவசத் தொலைபேசி எண் 14446-ஐப் பேட்டி முடியும்வரை திரையின் கீழே ஓடவிடுங்கள்.