பி-தொகுதி தனிமங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: ஆவர்த்தன அட்டவணையின் வலப்பக்கமுள்ள இந்தத் தனிமங்களில், இரண்டாம் தொடர் (இரண்டாவது கிடைவரிசை) அணுக்கள் ரொம்பச் சின்னவை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஒரே தொகுதி (அட்டவணையில் ஒரே நெடுவரிசை). ஒன்று வாயு, மற்றது திண்மம். ஏன்?

பதில்: சிறிய நைட்ரஜன் அணுக்கள் நெருங்கி நிற்பதால் ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் உலவும் பகுதிகள்) பக்கவாட்டிலும் நன்றாக மேற்பொருந்தி முப்பிணைப்பு உருவாகிறது. அதை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். மூன்று ஒற்றைப் பிணைப்புகளைக் கூட்டினாலும் 500-ஐத் தொடாது. பாஸ்பரஸில் கணக்கு தலைகீழ். அணு பெரியது, பக்கவாட்டு மேற்பொருந்தல் சுமார்தான். ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 200. மூன்று போட்டால் 600, அதுவே லாபம். எனவே நான்கு அணுக்கள் நான்முகியின் மூலைகளில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு இணைகின்றன. மூலக்கூறு பெரிதானதால் அவற்றுக்கிடையே வாண்டர்வால்ஸ் ஈர்ப்பும் கூடி, திண்மமாக நிற்கிறது. இதுதான் வெண் பாஸ்பரஸ். பிணைப்புக் கோணம் 60 டிகிரிதான், அவ்வளவு நெருக்கடி. காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் நீருக்கடியில் வைப்பார்கள்.

கேள்வி: பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு உண்டு, நைட்ரஜனுக்கு இல்லை. டி ஆர்பிட்டால் இல்லாததுதான் காரணம் என்று எழுதலாமா?

பதில்: தேர்வில் எழுதுங்கள், மார்க் வரும். ஆனால் நவீனக் கணக்கீடுகளில் பாஸ்பரஸிலேயே டி ஆர்பிட்டாலின் பங்கு மிகக் குறைவு. ஐந்து குளோரினை நிறுத்த நைட்ரஜனைச் சுற்றி இடமில்லை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: எலக்ட்ரான் நாட்டம் (அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) குளோரினுக்கு மோலுக்கு 349, புளூரினுக்கு 328 கிலோஜூல். அப்புறம் புளூரின் எப்படி வலிமையான ஆக்சிஜனேற்றி, அதாவது பிறவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது?

பதில்: முதலில் மூலக்கூறு உடைய வேண்டுமே! குளோரினுக்கு 242 தேவை, புளூரினுக்கு 158 போதும். சின்ன அணுக்களின் தனித்த இரட்டைகள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) ஒன்றையொன்று தள்ளுவதால் அந்தப் பிணைப்பு நோஞ்சான். பிறகு, சிறிய புளூரைடு அயனியை நீர் சூழும்போது வெளிவரும் ஆற்றலும் அதிகம். நாட்டத்தில் விட்ட 21-ஐ இவை தாராளமாக ஈடுகட்டும்.

கேள்வி: டைபோரேனில் (இரண்டு போரான், ஆறு ஹைட்ரஜன்) பிணைப்புக்கு எலக்ட்ரான் போதாதே?

பதில்: போதாதுதான். ஈத்தேன் மாதிரி வரைய 14 வேண்டும், கையில் 12. நான்கு முனை ஹைட்ரஜன்களுக்கு 8 போய்விடும். மிச்சம் நான்கு, இரண்டு பாலங்களுக்கு: போரான், ஹைட்ரஜன், போரான் மூன்றும் ஒரே இரட்டையைப் பங்குபோடும்.

கேள்வி: கார்பனுக்கு +4 ஆக்சிஜனேற்ற நிலை நிலையானது, காரீயத்துக்கு மட்டும் +2 ஏன்?

பதில்: இங்கே அணுவின் சிறுமை காரணமில்லை. மந்த இணை விளைவு. காரீயத்தின் வெளிக்கூட்டிலுள்ள 6எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் கருவிடம் இறுகிக் கிடப்பதால் பிணைப்புக்கு வர அடம்பிடிக்கும். அதனால் +4-இல் உள்ள காரீய டையாக்சைடு +2-க்கு இறங்கத் துடிக்கும். கார் பேட்டரியின் நேர்மின் தகட்டில் இருப்பது அதுதான். சாவியைத் திருப்பும்போது அங்கே நடப்பது அந்த இறக்கம்தான்.