நிழலுக்கு விலை பேசும் முன்

கேள்வி: ஐயா, ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் இருக்கிறது. கீழே அராபிகா காப்பி, மேலே சில்வர் ஓக், பலா, அத்தி. நான் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன், தோட்ட வேலை தெரியாது. மர வியாபாரி ஒருவர் எல்லா மரத்துக்கும் மொத்தமாக விலை சொல்கிறார். கொடுக்கலாமா? மரங்களைப் பற்றி யாரிடம் கற்றுக்கொள்வது?
- வாசகர், சேலம்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. நான் கொடுத்துக் கெட்டவன். மகள் கல்யாணத்துக்காக ஒரு சரிவு முழுக்க நிழல் மரங்களை விற்றேன். வெயில் விழுந்தால் காய் கூடும் என்றார் வியாபாரி. முதல் வருஷம் கூடவும் செய்தது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் செடிகள் மஞ்சளாகி வாடின. தண்டைத் தடவிப் பார்த்தால் பட்டை மேடு மேடாகப் புடைத்திருக்கிறது. வெள்ளைத் தண்டு துளைப்பான்! வெயில் படும் அராபிகாத் தண்டு என்றால் அந்த வண்டுக்குக் கொள்ளை ஆசை. பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். பிடுங்கி எரித்துத்தான் ஆகவேண்டும். கல்யாணக் கடன் தீர்ந்தது, அந்தச் சரிவு இன்னும் தேறவில்லை.

அதற்காக மரமே வெட்டக்கூடாது என்று சொல்லவில்லை. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மளமளவென்று வளரும், மிளகு ஏற்றலாம், விலை போகும். முற்றியதை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கலாம். பலாவையும் அத்தியையும் தொடாதீர்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதை ஏற்காட்டில் உள்ள காப்பி வாரிய விரிவாக்க அலுவலகத்தில் கேளுங்கள். அதிகாரியைத் தோட்டத்துக்கே அழைத்துப் போங்கள். கையில் ஒரு டப்பா சுண்ணாம்பு இருக்கட்டும், அவர் காட்டும் மரத்தில் அங்கேயே குறி போடுங்கள். மரம் வளர்ப்பை முறையாகப் படிக்க மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இருக்கிறது. சேலத்துக்குப் பக்கத்திலேயே என்றால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம். உங்கள் தோட்டத்தில் வெகுநாள் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த மரத்தடியில் ஈரம் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பட்டா நிலம்தானே என்று கோடரி வைத்துவிடவும் முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். வனத்துறையில் விசாரித்து, அனுமதி எழுத்தில் வந்த பிறகுதான் ஆள் விடவேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அந்த வண்டு பறக்கும். அதற்கு முன்னால் காப்பித் தண்டுகளின் சொரசொரப்பான பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். வியாபாரியிடம் முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால், இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.