சுஃப்ரென் நீர்மூழ்கி: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: சார், பிரான்சின் அணுசக்தி நீர்மூழ்கி சுஃப்ரென் 2019-இல் வந்தது என்கிறார்கள், 2022 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: 2019 ஜூலை 12 அன்று பிரான்சின் செர்பூர் கட்டுதளத்தில் அதிபர் மக்ரோன் முன்னிலையில் அறிமுக விழா மட்டும் நடந்தது. அணு உலையை அப்போது இயக்கக்கூட இல்லை. 2020 ஏப்ரலில் முதல் கடலோட்டம், நவம்பரில் துலோன் துறைமுகத்தில் கடற்படையிடம் ஒப்படைப்பு. முறைப்படி பணியில் சேர்ந்தது 2022 ஜூன் 3. இந்த வகையில் முதல் கப்பல் என்பதால் எல்லாவற்றையும் கடலிலேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும். 2020 அக்டோபரில் நீருக்கடியிலிருந்து குரூஸ் ஏவுகணையைச் செலுத்தினார்களே, அது பிரெஞ்சு நீர்மூழ்கிகளுக்கே புதுத் திறன். தரைக்குள் வெகுதூரம் இருக்கும் இலக்கையும் இனி எட்டலாம். என்னைக் கேட்டால், இந்தக் கப்பலின் பெரிய மாற்றமே இதுதான்.

கேள்வி: அணுகுண்டு இருக்குமா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. அணுசக்தி ஓட்டத்துக்கு மட்டும். அணு ஏவுகணைகள் த்ரியோம்ஃபான் வகை நீர்மூழ்கிகள் நான்கில் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் போவதும் சுஃப்ரெனின் வேலைதான்.

கேள்வி: இதற்கு முந்தைய ரூபி வகை நீர்மூழ்கிகளைவிட எவ்வளவு பெரியது?

பதில்: மூழ்கிய நிலையில் ரூபி சுமார் 2,600 டன், இது 5,300 டன். நீளம் 99 மீட்டர். ஆனால் மாலுமிகள் 65 பேர் போதும், அவ்வளவு தானியங்கி வசதி.

கேள்வி: சத்தம் குறைவு என்கிறார்களே, எப்படி?

பதில்: சாதாரண வேகத்தில் மின்மோட்டாரில் ஓடும். திறந்த சுழல்விசிறிக்குப் பதிலாக, உறைக்குள் சுழலும் பம்ப்-ஜெட் நீரைத் தள்ளுகிறது. நீர்மூழ்கிக்கு உயிர் மௌனத்தில்தான் இருக்கிறது. எதிரி காதில் விழுந்துவிட்டால் எத்தனை ஆயுதம் இருந்தும் பயனில்லை.

கேள்வி: கப்பலுக்குப் பெயர் தந்த சுஃப்ரென் யார்?

பதில்: நம் கரைக்குத் தெரிந்தவர்! 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தளபதி. 1782-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலைக் கடல்களில் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸோடு மோதினார். திருகோணமலையைப் பிடிக்கவும் செய்தார். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே கடைசிச் சண்டை. அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்திருந்தார்கள், செய்திதான் இங்கே வந்து சேரவில்லை.