ஒரு எட்டு பின்னால் வையுங்க

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் எங்களுக்குத் தோட்டம். இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரைக்குட்டி வாங்கினோம். 14 மாதம் என்றார்கள். தாயோடு காட்டில் திரிந்ததாம், யாரும் தொட்டதேயில்லையாம். கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், விட்டு ஆறு வாரமாகிறது, படலைத் திறந்தாலே மறு மூலைக்கு ஓடிவிடுகிறது. என் மாமன், "ரெண்டு நாள் பட்டினி போட்டு, கயிறு போட்டுச் சாய்ச்சுக் கட்டு, தானா அடங்கும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா? அடுத்த ஆடிக்குள் பையனை ஏற்றி ஓட்டலாமா?

பதில்: உங்க மனசு சொன்னதுதான் சரிங்க. மாமன் மேல் குறையில்லை, காங்கேயம் மாட்டோடு பழகியவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் மாடு வேறு, குதிரை வேறு. பயந்தால் ஓடுவது ஒன்றுதான் குதிரைக்குத் தெரிந்த தற்காப்பு. ஓட விடாமல் கட்டிப்போட்டால் கயிற்றோடு மல்லுக்கட்டிப் பின்னால் இழுக்கும், அதில் கழுத்து கெட்டுப்போன குட்டிகள் உண்டு. பட்டினி போடுவது அதைவிடத் தப்பு. தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரையின் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டேயிருக்கும், அதனால்தான் அது பொழுதுக்கும் மேய்ந்துகொண்டே இருக்கிறது. வயிறு காய்ந்தால் உள்ளே புண் வரும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் கட்டுத்தரையிலும் ஒரு குட்டியை நாலு ஆள் சேர்ந்து கயிறு போட்டுச் சாய்த்தார்கள். நல்ல குதிரைதான், பிற்பாடு வண்டியெல்லாம் இழுத்தது. ஆனால் அத்தனை வருடம் கழித்தும் யாராவது தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு வந்தால் அதன் தொடை நடுங்கும். அடங்கியதே தவிர, யாரையும் நம்பவில்லை.

சரி, என்ன செய்வது? முதல் ஒரு வாரம் தொடுகிற எண்ணத்தையே விட்டுவிடுங்க. காலையும் பொழுதோடயும் ஒரே நேரத்துக்குக் கொரங்காட்டுக்குப் போய்த் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், குட்டிக்குப் பாதி முதுகைக் காட்டி, அரைமணி நேரம் சும்மா உட்காருங்க. செல்போனில் சத்தமாகப் பேச வேண்டாம். உங்களால் தனக்குக் கெடுதல் ஒன்றும் நடக்காது என்பதை அது தினமும் பார்க்க வேண்டும்.

அப்புறம் மெதுவாக நடந்து போங்க. நேராக முகத்தைப் பார்த்துப் போகாமல், வளைந்து, அதன் தோளை நோக்கிப் போக வேண்டும். ஒரு இடத்தில் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும், இரண்டு காதும் உங்க பக்கம் நட்டுக்கொள்ளும். அங்கேயே நில்லுங்க. இன்னும் ஓரடி வைத்தால் ஓடும், அந்த ஓரடியை வைக்கக்கூடாது. நிற்கும்போது கவனித்துக்கொண்டே இருங்க: ஒரு காது வேறு பக்கம் திரும்பும், தலை கொஞ்சம் இறங்கும், ஒன்றும் தின்னாமலே வாயை மெல்லும், இல்லையென்றால் மூக்கால் நீளமாக மூச்சு விடும். அந்த நொடியில் நீங்க ஒரு எட்டு பின்னால் வைத்துத் திரும்பிப் போய்விடுங்க. இதுதான் மொத்த வித்தையுமே. ஓடினபோது நீங்க விலகினால், ஓடினால் ஆள் போவான் என்று கற்றுக்கொள்ளும். நின்றபோது விலகினால், நின்றால் போதும் என்று கற்றுக்கொள்ளும். நம் ஆட்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான், குட்டி அமைதியாக நின்றதும் சந்தோஷத்தில் எட்டிப் பிடிக்கப் போய் பத்து நாள் உழைப்பை ஒரு நிமிடத்தில் தொலைத்துவிடுகிறார்கள்.

நாளாக ஆக அந்தத் தூரம் சுருங்கும், ஒருநாள் அதுவே வந்து உங்க சட்டையை மோந்து பார்க்கும். கையை நீட்டி நெற்றியைத் தடவத் தோன்றும், வேண்டாம். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. நெற்றிக்கு வரும் கை திடீரென்று காணாமல் போவதால் மிரளும். முதலில் புறங்கையை மோக்க விட்டு, கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் விரல் நுனியால் சொறிந்துவிடுங்க. குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடுவது அந்த இடத்தில்தான், அங்கே சொறிந்தால் நெஞ்சுத் துடிப்பே இறங்குகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சரியான இடம் சிக்கினால் கண் பாதி மூடி, மேலுதடு முன்னால் நீண்டு துடிக்கும். பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் போதும் என்று அது நகர்வதற்கு முன்னால் நீங்க நிறுத்திவிடுங்க. இடது பக்கம் பழகியது வலது பக்கத்துக்குத் தானாக வந்துவிடாது, இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

கயிறு இதற்கெல்லாம் பிறகு. மெத்தென்ற பருத்திக் கயிற்றை மோக்க விட்டு, தோளில் தேய்த்து, கழுத்தில் போட்டு உடனே எடுத்துவிடுங்க. முகக்கயிறு மாட்டின பிறகு நடக்கப் பழக்கும்போது லேசாகப் பிடித்து நில்லுங்க, ஒரு கால் முன்னால் வைத்ததும் கயிற்றைத் தளர்த்திவிடுங்க. முகக்கயிற்றோடு மட்டும் கொரங்காட்டில் விட்டுவிடாதீர்கள், கிளுவை வேலியில் மாட்டினால் கழுத்து முறியும். காலைத் தூக்கப் பழக்குவதையும் அன்றன்றைக்குக் கொஞ்சமாகச் செய்யுங்க, லாடம் கட்டுகிறவர் வரும் நாளில் முதல் முறையாகத் தூக்கினால் அவருக்கும் அடி, அதற்கும் பயம். பையன் எந்தக் காரணத்துக்கும் அதன் பின்னால் போய் நிற்கக் கூடாது.

துணை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தனியாக விட்டிருந்தால் பாதிப் பயம் அதனால்தான். வயசான, சாதுவான ஒரு குதிரை கிடைத்தால் ரொம்ப நல்லது, ஆள் பக்கத்தில் வந்தாலும் அது மேய்ந்துகொண்டே நிற்பதைப் பார்த்துக் குட்டி பாதியைக் கற்றுக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ஒரு வெள்ளாடாவது கூட விடுங்க.

கேட்காத இரண்டு விஷயம், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. நம் பக்கம் வீட்டுக்கு வீடு கோழிப்பண்ணை, மாட்டுத் தீவன மூட்டை. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் கலக்கிற மோனென்சின் என்ற மருந்து குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். மூட்டையைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்க. அடுத்தது டெட்டனஸ் தடுப்பூசி. சின்ன ஆணிக்குத்து போதும் குதிரைக்கு அந்த நோய் வர. கால்நடை மருத்துவரைக் கேட்டுச் சீக்கிரம் போட்டுவிடுங்க, ஆனால் ஊசி போடுகிற நாளில் நீங்களே அமுக்கிப் பிடிக்காதீர்கள், வேறு ஆள் பிடிக்கட்டும்.

அடுத்த ஆடியில் அதற்கு இரண்டு வயதுதான் ஆகும். ஏற்ற வேண்டாமுங்க. மூன்று வயதுக்கு முன்னால் முதுகில் பாரம் ஆகாது, முதுகெலும்பு முழுதாக முற்றவே ஐந்தரை வயது ஆகும். அதுவரை பையன் அதை இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவில் போகிற வண்டிப்பாதையில்) கையில் பிடித்து நடத்திப் போகட்டும், டிராக்டரையும் பஸ் ஹாரனையும் பார்த்துப் பழகட்டும்.

கேள்வி: எங்கள் ஆண்குட்டிக்கு ஒன்றரை வயது, நன்றாகப் பழகிவிட்டது, ஆனால் இப்போது கடிக்கிறது. வாயில் ஒரு அடி போட்டால் நிற்குமா? (கோபி பக்கத்து வாசகி)

பதில்: நிற்காதும்மா, அடிக்குத் தப்பித்து வேகமாகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். கையில் வெல்லம், கேரட் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை இன்றோடு நிறுத்தி, எது கொடுத்தாலும் வாளியில் போடுங்கள். வாய் உங்கள் பக்கம் வந்தால் முழங்கையை மடக்கி நடுவில் வைத்து, அதை ஒரு எட்டு பின்னால் போகச் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும், வீட்டில் எல்லோரும். இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால், காயடிப்பதைப் பற்றி இந்த மாதமே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.