உப்பிய பேட்டரிக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறேன். வழி பார்க்க போனை டேஷ்போர்டில் மாட்டி, சார்ஜ் போட்டபடியே சேலம் வரை போவேன். இரண்டு வாரமாகப் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். மாங்காய் சீசன் முடிந்ததும் பேட்டரி மாற்றினால் போதுமா? ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதால்தான் இப்படி ஆனதா?"

சீசன் வரைக்கும் தள்ளவே வேண்டாம். இதைப் படித்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு போனை அணைத்துவிடுங்கள். படங்கள், நம்பர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவே, கடைசியாக ஒரு தடவை சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம், பேட்டரியை மாற்றினால் அவை எங்கேயும் போகாது.

போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி என்பது ஒரு மெல்லிய உறைக்குள் இரண்டு மின்முனைத் தகடுகளும், அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலமும், எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தில் ஊறிக் கிடப்பதுதான். சூடு ஏற ஏற அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது, வெளியேற வழியில்லாமல் உறை உப்புகிறது. அதை அமுக்கினால் படலம் கிழியலாம், கிழிந்து இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டால் சில நொடிகளில் தீ. உங்கள் ரப்பர் பேண்ட் நாள் முழுக்க அந்த அமுக்கும் வேலையைத்தான் செய்கிறது.

கிருஷ்ணகிரியில் என் கடைக்கு வந்த ஒரு போனைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து விரலால் லேசாகச் சுண்டினேன், பம்பரம் மாதிரி சுற்றியது. முதுகு தட்டையான போன் அப்படிச் சுற்றாது. திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலும் பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கலாம்.

சரி, ராத்திரி சார்ஜ். நிரம்பியதும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும், அதனால் அதை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். தலையணைக்கு அடியில் வைத்திருந்தால்தான் தப்பு. எனக்கு சந்தேகம் உங்கள் டேஷ்போர்டின் மேல்தான். இந்த பேட்டரிகளைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டோ 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதோடு திரை முழு வெளிச்சத்தில், மேப் ஓடிக்கொண்டிருக்க, தொப்பூர் கணவாயில் சிக்னல் மெலிய மெலிய டவரைப் பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது, சார்ஜரும் தன் பங்குக்குச் சூடேற்றுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் என்றால் எந்த பேட்டரிதான் தாங்கும்?

இனிமேல் முன்கண்ணாடி வெயில் நேராக விழாத இடத்தில் மாட்டுங்கள். மேப்பைக் கிளம்பும் முன்பே டவுன்லோட் செய்துவிடுங்கள். டீக்கடையில் நிழலில் நிறுத்தும்போது கவரைக் கழற்றி சார்ஜ் போடுங்கள். போன் கொதித்தால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், ஆயுள் கூடும். மாதம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது.

புது பேட்டரியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். கடைக்குப் போகும் வரை போனைக் காய்ந்த மணல் போட்ட இரும்புச் சட்டியில், டீசல் கேனும் துணியும் இல்லாத இடத்தில் வையுங்கள். புகை வந்தால் கிட்டே போகாதீர்கள், அந்தப் புகை நச்சு. கடைக்கு அந்தச் சட்டியோடு எடுத்துப் போனாலும் தப்பில்லை, சட்டைப் பையில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.