அடையாள அட்டையில் பால் மாறினால் ஈ.பி.எப். காசு போய்விடுமா?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறேன், வயது 24. நான் திருநங்கை. பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருக்கிறது. நான்கு வருடம் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தேன். அடையாள அட்டையை மாற்றினால் ஈ.பி.எப். காசு போய்விடுமா? ஒப்பரேஷன் செய்தால்தான் மாற்றலாமா?

பதில்: ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு போகாது. ஆனால் சிக்கல் வரும் இடம் அதுதான் என்பதால் அதையே முதலில் சொல்கிறோம்.

இலங்கை அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே ஆண், பெண் பதிந்திருக்கிறது. 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். 2001 மார்ச் 12இல் பிறந்த ஆணின் இலக்கம் 2001072 என்று தொடங்கும், பெண்ணுக்கு 2001572. ஆகவே பால் மாறினால் இலக்கமும் மாறும். உங்கள் ஈ.பி.எப். கணக்கும் வங்கிப் புத்தகமும் பழைய இலக்கத்தில் கிடக்கும். பழைய அட்டையைக் கையளிக்கும் முன் இருபக்கமும் போட்டோ பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். பழைய இலக்கத்துக்கும் புதிய இலக்கத்துக்கும் உரியவர் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசியும் முடியுங்கள். சம்பளச் சிட்டைகளையும் வீசிவிடாதீர்கள், ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம் அவற்றில் இருக்கும். புதிய அட்டை வந்ததும் இவற்றோடு தொழில் அலுவலகத்துக்குப் போய் விவரத்தைத் திருத்துங்கள். சம்பளத்தில் பிடித்த உங்கள் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் உங்களுடையவை. காசு எடுக்கும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்பதால் இந்தத் திருத்தத்தைப் பிற்போடவும் கூடாது.

இனி, எங்கே தொடங்குவது? வழி 2016இல் திறந்தது. சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் அந்த வருடம் வெளியிட்ட சுற்றறிக்கைகளின்படி, மனநல வைத்திய நிபுணர் மதிப்பிட்டுப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுப்பார். நுவரெலியா, கண்டி, பதுளை அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் கேளுங்கள், கட்டணமில்லை. ஒரே நாளில் முடியாது, பலமுறை வரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஒருநாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும். சுற்றறிக்கையில் ஹோர்மோனும் சத்திரசிகிச்சையும் பற்றி வரும் வரிகளை வைத்தியர்கள் எல்லோரும் ஒரேமாதிரி வாசிப்பதில்லை. சிலர் ஒப்பரேஷன் முடிந்திருக்க வேண்டும் என்பார்கள். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். அப்படி வற்புறுத்தினால் வேறொரு நிபுணரைப் பார்ப்பது நல்லது. சான்றிதழுக்காக மட்டும் யாரும் கத்திக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எங்கள் கருத்து உறுதியானது: தன் பாலினத்தைச் சொல்ல ஒருவரின் சொந்த வாக்குமூலமே போதும். ஆர்ஜென்டினா 2012இலேயே வைத்தியரும் நீதிமன்றமும் இல்லாமல் அதை ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடும், 2022 முதல் நடைமுறையில் உள்ள பதிப்பில், பிறப்பில் பதிந்த பாலும் தான் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாட்கூலிக்கு உழைப்பவரை இன்னும் மனநல கிளினிக் வரிசையில் நிற்க வைப்பது அநியாயம்.

சான்றிதழ் கிடைத்ததும், பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பெயரையும் பாலையும் மாற்ற விண்ணப்பியுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பதிவில் பெயர் பிழையாக விழுவது சாதாரணம்: ஒரு கடதாசியில் ராமசாமி, இன்னொன்றில் ராமையா. அப்பா, அம்மா பெயரை அவர்களின் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். விட்டுவிட்டால் அடையாள அட்டை கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்.

அடையாள அட்டை விண்ணப்பத்துக்குக் கிராம சேவகரின் அல்லது தோட்ட அதிகாரியின் அத்தாட்சி வேண்டும். அவர்கள் உறுதிப்படுத்துவது நீங்கள் யார், எங்கே வசிக்கிறீர்கள் என்பதை மட்டுமே. உடம்பைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. திருத்திய பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும். கடவுச்சீட்டு, வங்கி எல்லாம் அட்டைக்குப் பிறகு.

யாராவது மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில், தமிழில் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் தமிழும் நிர்வாக மொழி. அந்தக் கடிதத்தோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், தொலைபேசி 1996. மறுத்துவிட்டு எழுதியும் தரவில்லையென்றால், போன திகதியையும் அதிகாரியின் பதவியையும் குறித்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.